அபாரமாக நடிக்கத் தெரிந்தால் போதுமா? கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஒரு கேள்விக்கு

கேட்டவர் கொருக்குப்பேட்டையில் இருக்கும் 26 வயதுத் தம்பி. அவர் கேட்டதைச் சுருக்கமாகத் தருகிறேன்: "ஆறு வருஷமா வீதி நாடகம் பண்றேண்ணா. அஞ்சு குறும்படம் நடிச்சிருக்கேன். பார்த்தவங்க எல்லாரும் அசாத்தியம்னுதான் சொல்றாங்க. ஆனா என்னைவிட சுமாரா நடிக்கிறவங்க போஸ்டர்ல இருக்காங்க. சினிமாவுல உண்மையான திறமைக்குப் பலன் இருக்கா, இல்லையா?"

நான் 16 வருடமாக நடிகர் தேர்வு வேலையில் இருக்கிறேன். பிறந்தது புளியந்தோப்பு, இப்போது குடியிருப்பது பெரம்பூர். வடசென்னைக் கதை என்றால் "முகம் வேணும்" என்று கம்பெனிகள் போன் போடுகிற ஆட்களில் நானும் ஒருவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். பலன் இருக்கிறது தம்பி. ஆனால் போஸ்டரில் வருவது வேறு கணக்கு. இந்த இரண்டையும் ஒரே கணக்காக எழுதிப் பார்ப்பதால்தான் நம்மில் பலருக்கு வயிறு எரிகிறது.

நம் பக்கத்துப் பையன்களுக்குத் திறமை என்றால் என்ன என்று சொல்லிக் கொடுத்ததே தெருமுனை கேரம் கிளப்தான். காய் பாக்கெட்டில் விழுந்தால் விழுந்தது. சுற்றி நிற்கிற 15 பேரும் பார்த்தாயிற்று, பேச்சே இல்லை. ஆடுகிறவர் யார் வீட்டுப் பிள்ளை, என்ன நிறம், எவ்வளவு உயரம் என்று போர்டு கேட்காது. வியாசர்பாடி இளவழகி 2008இல் உலக சாம்பியன் ஆனார். 2024இல் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கினார். பட்டத்துக்குத் தகுந்த பணம் உடனே கிடைத்ததா என்பது தனிக்கதை. ஆனால் ஜெயித்தாரா இல்லையா என்று எவரும் வாதாட முடியாது.

நடிப்பில் பாக்கெட் கிடையாது. அதுதான் முதல் சிக்கல். சரியாக நடித்தால் நடிப்பே கண்ணுக்குத் தெரியாது. அழுகை தெரியும், கத்தல் தெரியும், உடம்பை முறுக்கிக் காட்டுவது தெரியும். சும்மா இருப்பது யாருக்குத் தெரியும்? 1994இல் வந்த 'மகளிர் மட்டும்' படத்தில் நாகேஷ் பிணமாக வருவார். வசனம் இல்லை, கண் திறக்கவில்லை, ஆட்கள் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள், அவ்வளவுதான். 30 வருடம் கழித்தும் அதைப் பேசுகிறோம். ஆனால் அந்தப் பிணத்தை நாகேஷ் என்று தெரிந்ததால்தான் உற்றுப் பார்த்தோம் என்பதும் உண்மை. பெயர் தெரியாத ஒருவர் அதே கனத்தோடு கிடந்திருந்தால் "பொம்மை வெச்சு எடுத்திருக்காங்க" என்று போயிருப்போம்.

இன்னொன்று சொல்கிறேன், இது நான் நேரில் பார்த்தது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு படத்துக்கு ஹீரோவின் நண்பன் வேடத்துக்கு ஆள் எடுத்தோம். வில்லிவாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடி. காலையிலிருந்து 140 பேர். காட்சி இதுதான்: நண்பன் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், அவன் அப்பா இறந்துவிட்ட செய்தியை ஹீரோ வந்து சொல்கிறான். வந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். சிலர் இலையைத் தள்ளினார்கள். இரண்டு பேர் தட்டோடு விட்டெறிந்தார்கள். மதியத்துக்குள் மண்டபம் முழுக்க சால்னா.

நாலு மணிக்கு காசிமேட்டில் வலை பின்னுகிற வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். செய்தியைக் கேட்டார். கையில் பிய்த்து வைத்திருந்த துண்டை வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார், உள்ளே இறங்கவில்லை. டம்ளரை எடுத்து அப்படியே திரும்ப வைத்தார். பிறகு கை கழுவப் போனார். கேமராவுக்கு முதுகு மட்டும்தான். குழாயைத் திறந்துவிட்டு, கையை நீட்டாமல், தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேமரா உதவியாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த உதவியாளருக்கு அந்த வருடம்தான் அப்பா தவறியிருந்தார்.

வேடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

ஹீரோவைவிட நாலு விரல்கடை உயரமாக இருந்தார் என்பது ஒரு காரணம். சின்னப் படம், டிவிக்கு விற்கிற சாட்டிலைட் உரிமை பேசும்போது நாலு தெரிந்த முகமாவது காட்ட வேண்டும் என்பது இன்னொரு காரணம். டிவி காமெடி நிகழ்ச்சி ஒன்றில் வந்துகொண்டிருந்த பையனைப் போட்டார்கள். மோசமாக நடிக்கிறவன் இல்லை, சுமார். நான் டைரக்டரிடம் சண்டையே போட்டேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அண்ணே, இவரைப் போட்டா அந்த சீன்ல ஹீரோ எங்க இருக்கார்னே தெரியாதுண்ணே." அதில் பொய் இல்லை. அந்த டைரக்டர் பொறாமைக்காரரும் இல்லை. படம் ஹீரோவின் கதை, பார்வையாளர் கண் ஹீரோ மேல் இருக்க வேண்டும். அளவுக்கு மீறிய திறமை அந்த இடத்தில் வேண்டாத சாமான். கேரத்தில் யாரையாவது "ரொம்ப நல்லா ஆடறான், வேணாம்" என்று அனுப்புவார்களா?

வலைக்காரருக்கு வில்லனின் பின்னால் நிற்கும் நாலு பேரில் மூன்றாவது ஆள் வேடம். ஆறு நாள் வேலை. ஒரு ஷாட்டில், வெட்டு விழுந்ததும் மற்ற மூவரும் முன்னே பாய, இவர் மட்டும் அரை அடி பின்வாங்கி லுங்கியில் கையைத் துடைத்தார். என்ன ஒரு பயம் அதில்! எடிட்டிங்கில் போய்விட்டது. அந்த இடத்தில் ஹீரோவின் குளோசப் வந்தது. மேடையில் நீங்கள் செய்தது செய்ததுதான், யாரும் வெட்ட முடியாது. சினிமாவில் உங்கள் நடிப்பு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பது உங்கள் கையில் இல்லை. லென்ஸ் ஒருவர் கையில், கத்திரி ஒருவர் கையில், சமயத்தில் குரல்கூட வேறொருவர் தொண்டையில்.

சரி, போஸ்டர் கணக்குக்கு வருவோம். ஹீரோவின் சம்பளத்தை நடிப்புக்குக் கொடுக்கிற விலை என்று நினைத்தால் எதுவுமே புரியாது. முதல் மூன்று நாள் தியேட்டரில் எத்தனை பேரை அவர் பெயர் கொண்டுவந்து உட்காரவைக்கும், ஏரியா ஏரியாவாக விநியோகஸ்தர் எவ்வளவு கொடுப்பார், ஓடிடிக்காரர் என்ன கேட்பார், இந்தி டப்பிங் போகுமா, இதையெல்லாம் கூட்டி வருகிற தொகை அது. அந்தப் பெயர் சுமாரான நடிகரிடம் இருந்தால் பணம் சுமாரான நடிகருக்குப் போகும். மளிகைக் கடைக்கு இடம் பார்த்து வாடகை சொல்வதுபோலத்தான். கடைக்காரர் நல்லவரா என்று பார்த்து யாரும் வாடகை பேசுவதில்லை.

இதை உலக அளவில் எண்ணியே பார்த்திருக்கிறார்கள். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஐஎம்டிபி என்கிற சினிமாத் தகவல் தளத்தில் இருக்கிற 20 லட்சத்துக்கும் மேற்பட்ட நடிகர், நடிகைகளின் பட்டியலை அலசி 2019இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் எழுதினார்கள். சுமார் 70 சதவீதம் பேரின் திரைவாழ்க்கை ஒரே வருடத்தோடு முடிந்துவிட்டது. யாருக்கு அடுத்த வேலை கிடைக்கிறது என்று பார்த்தால், ஏற்கெனவே வேலை இருக்கிறவருக்கு. பணம் பணத்தோடு சேரும் என்று நம் கிழவிகள் சொன்னதுதான், கணக்குப் போட்டு வந்திருக்கிறது.

இங்கே உடனே விஜய் சேதுபதியைச் சொல்வீர்கள். எல்லோரும் சொல்கிறார்கள், நம் எண்ணூரில் வளர்ந்தவர் என்பதால் இன்னும் உரிமையோடு சொல்கிறோம். கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் கணக்குப் பிள்ளையாக இருந்து, நடிகர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்து, கூட்டத்தில் ஒருவராக நின்று, 2010இல் கதாநாயகனாகி, 2012இல் 'பீட்சா', 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' என்று மடமடவென்று மேலே போனார். திறமைக்குக் கிடைத்த பலன்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் அதே தரையில் உருண்டு புரண்டு பயிற்சி எடுத்தவர்கள் இன்னும் பலர். அவர்களில் எத்தனை பேர் பெயர் உங்களுக்குத் தெரியும்? ஜெயித்தவரை வைத்து மட்டும் கணக்குப் பார்த்தால் லாட்டரிகூட நல்ல தொழில்.

எனக்கு குரு சோமசுந்தரத்தின் கதைதான் இதில் பாடம். கூத்துப்பட்டறையில் பல வருடம் ஊறியவர். 2011இல் 'ஆரண்ய காண்டம்' படத்தில் காளையனாக வந்தார். அந்தக் குடிகாரத் தகப்பன் தன் மகனோடு பேசுகிற இடங்களைப் பார்த்துவிட்டு நானும் நாலைந்து உதவி இயக்குநர்களும் விடிய விடிய பேசினோம். படத்துக்கு தேசிய விருது கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. 2016இல் 'ஜோக்கர்'. அதற்கும் தேசிய விருது வந்தது, சிறந்த தமிழ்ப் படம் என்று. அப்போதும் தெருவில் நிறுத்திக் கேட்டால் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. 2021 டிசம்பரில் மலையாளத்தில் 'மின்னல் முரளி' நெட்ஃப்ளிக்ஸில் வந்தது, அதில் ஷிபுவாக அவர். ஒரே வாரத்தில் இந்தியா முழுக்க ஷிபு, ஷிபு என்று பேசினார்கள். அந்தப் பத்து வருடத்தில் அவர் நடிப்பு பத்து மடங்கு ஏறிவிட்டதா? இல்லவே இல்லை. காளையனிடம் இருந்ததுதான் ஷிபுவிடமும் இருந்தது. கதை எழுதியவர் அந்த வேடத்துக்கு ஒரு மனசைக் கொடுத்திருந்தார், எல்லார் வீட்டுக்குள்ளும் போகிற வழி ஒன்று திறந்திருந்தது, இவர் தயாராக நின்றார். 'சார்பட்டா பரம்பரை'யில் டான்சிங் ரோஸாக வந்த ஷபீர் கல்லரக்கல்லும் அப்படித்தான். மேடையிலிருந்து வந்தவர், 2014லேயே நாயகனாக நடித்துவிட்டவர். ஊர் அவரைக் கவனித்தது ஏழு வருடம் கழித்து, ரிங்குக்குள் ஆடிக்கொண்டே இறங்கிய அந்தச் சில நிமிடங்களில்.

விருது கிடைத்தால் திறமை நிரூபணம் ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். சிவாஜிக்கு 1960இல் கெய்ரோவில் ஆப்பிரிக்க-ஆசிய விழாவில் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள். நம் தேசிய விருதில் சிறந்த நடிகர் என்ற பட்டம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காக எம்ஜிஆருக்கு வந்தது. (தண்டையார்பேட்டை டீக்கடையில் இதைச் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள், டீ கிளாஸ் பறக்கும். அந்தக் காலத்து ரிக்‌ஷாக்காரர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள்.) நியாயமாகச் சொன்னால் அந்தப் பிரிவே 1967ஆம் வருடப் படங்களிலிருந்துதான் ஆரம்பம். அதற்குள் சிவாஜி செய்ய வேண்டியதில் பாதிக்கு மேல் செய்து முடித்திருந்தார்.

அப்படியானால் திறமைக்கு என்னதான் கிடைக்கிறது? அடுத்த போன் கிடைக்கிறது. அதை இளக்காரமாக நினைக்காதீர்கள்.

ராயபுரத்தில் ஒரு அக்கா. அம்மா வேடம், பக்கத்து வீட்டுக்காரி வேடம். ஒரு படத்தில் வாசலில் உட்கார்ந்து நெத்திலி தலை கிள்ளிக்கொண்டே மகளைத் திட்டுகிற காட்சி. மகளாக வந்த பெண் ஊருக்குப் புதுசு, தமிழ் வரவில்லை, வசனம் தப்பித் தப்பிப் போகிறது. 11 டேக். அக்கா 11 டேக்கிலும் "உங்கப்பன்" என்கிற சொல்லில் மீனை எடுப்பார், "வரட்டும்" என்கிற சொல்லில் தலையைக் கிள்ளிப் போடுவார். ஒரு தடவைகூட மாறவில்லை. அந்தப் பெண் தடுமாறும்போது கையை நிறுத்தாமல் "ம்" என்று ஒரு இழுப்பு இழுத்து இடம் கொடுப்பார், அது காட்சிக்கே அழகாக இருந்தது. ஏழாவது டேக்கில் மீன் தீர்ந்து, புரொடக்‌ஷன் பையன் வண்டியை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்கு ஓடினான். பேக்கப் ஆனதும் கேமராமேன் என்னிடம் வந்து அக்காவின் நம்பரை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வேலை செய்த நாலு படத்தில் அக்கா இருந்தார். பத்திரிகையில் பெயர் வரவில்லை. சம்பளம் இன்றும் நாள் கணக்குதான். ஆனால் அவருக்கு காலி மாதம் என்று ஒன்று இல்லை. அவரை வைத்தால் எத்தனை மணிக்கு எந்தக் காட்சி முடியும் என்று செட்டில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். உண்மையான நடிப்பை முதலில் கண்டுபிடிப்பது ரசிகர்கள் இல்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்கள். அவர்கள் வாய்விட்டுப் பாராட்ட மாட்டார்கள், போன் போடுவார்கள்.

இதன் பெரிய வடிவம்தான் எம்.எஸ். பாஸ்கர். டப்பிங், டிவி தொடர், சின்னச் சின்ன வேடம் என்று முப்பது வருடத்துக்கும் மேலாக ஓய்வில்லாமல் வேலை. 'பார்க்கிங்' படத்துக்காக சிறந்த துணை நடிகர் தேசிய விருது 2025இல் அறிவித்தார்கள். விருதுக்கு முந்தைய அந்த முப்பது வருடம்தான் பலன் என்று நான் சொல்வேன்.

கசப்பான விஷயம் ஒன்றும் இருக்கிறது. திறமை இருந்தால் போதாது, அது கண்ணில் படுகிற நாள் வரை சாப்பிட வழி இருக்க வேண்டும். விக்ரம் முதல் படம் நடித்தது 1990இல். 'சேது' வந்தது 1999 டிசம்பரில். நடுவில் அஜித்துக்கும் பிரபுதேவாவுக்கும் டப்பிங் பேசிக்கொண்டு நின்றார். ஒன்பது வருடம் நின்றதால் நமக்கு அவரைத் தெரியும். ஆறாவது வருடம் வாடகை கட்ட முடியாமல் வேறு வேலைக்குப் போனவர்களைத் தெரியாது. வாரிசுகளைப் பார்த்து நாம் பொருமுவது முதல் வாய்ப்புக்காக. அதைவிடப் பெரிய சொத்து நாலாவது வாய்ப்பு. மூன்று படம் ஓடாமல் போன பிறகும் செட்டில் நின்று பழகக் கிடைக்கிறதே, நடிப்பு வளர்வதே அதில்தான். நம் பக்கத்துப் பிள்ளைக்கு ஒன்று கிடைக்கும், அதிலேயே எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று பதறுவான், பதற்றம் திரையில் தெரியும்.

அப்புறம் நம் ஏரியாவுக்கே உரிய பிரச்சினை. 'மெட்ராஸ்', 'வடசென்னை', 'சார்பட்டா' எல்லாம் வந்த பிறகு நம் முகங்களுக்குக் கிராக்கி கூடியது, நல்லதுதான். ஆனால் கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே முகத்தைக் கேட்கிறார்கள். வியாசர்பாடியில் என் நண்பன் ஒருவன், எம்.ஏ. படித்தவன், ரேஷன் கடைக்காரர் எடை போடுவதை நடித்துக் காட்டினால் சிரித்து மாளாது. அவன் இதுவரை 22 படத்தில் குத்துப்பட்டுச் செத்திருக்கிறான். "இன்டர்வெல்லுக்கு முன்னாடியே போட்டுர்றாங்கடா, அதனால எந்தப் படத்துலயும் ரெண்டாவது பாதி கதை எனக்குத் தெரியாது" என்பான். அவனுடைய உண்மையான திறமையை ஒரு கேமராவும் இன்னும் பார்க்கவில்லை. வேடம் கிடைக்காத திறமைக்குப் பலன் உண்டா என்று கேட்டால் அவனைத்தான் காட்ட வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டப்பிங் முயற்சி செய்யுங்கள். சினிமாவில் கேரம் போர்டுக்குக் கிட்டத்தில் இருக்கிற இடம் அதுதான். உதடு பொருந்தினால் பொருந்தியது, இல்லையென்றால் இல்லை. உயரம், நிறம் எதுவும் மைக்குக்குத் தெரியாது, நம் பேச்சு மாறாமல் பேசத் தெரிந்தவர்களுக்குத் தேவையும் இருக்கிறது. கையில் இருக்கிற வேலையை விடாதீர்கள். வீதி நாடகம் உங்களுக்குக் குரலையும் மூச்சையும் கொடுத்திருக்கும், ஆனால் 50 அடி தூரத்தில் நிற்கிறவருக்குச் சொல்கிற பழக்கத்தையும் கொடுத்திருக்கும். குளோசப்பில் அது கத்தலாகத் தெரியும்.

நீங்கள் அனுப்பிய போட்டோக்களையும் பார்த்தேன். கழுத்தில் கர்ச்சீப், மடித்துக் கட்டிய லுங்கி, முறைப்பு. ஒன்றில் கத்திகூட இருக்கிறது. தம்பி, இந்த போட்டோ என் போனில் ஏற்கெனவே முன்னூறு இருக்கிறது, முகம் மட்டும்தான் வேறு. சாதாரணச் சட்டையில் ஒன்று எடுத்து அனுப்புங்கள். கூடவே இரண்டு வீடியோ. ஒன்றில் கோபப்படாமல் எதையாவது பேசுங்கள். இன்னொன்றில் வசனமே வேண்டாம், யாராவது பேசுவதை இரண்டு நிமிடம் கேட்டுக்கொண்டிருங்கள். உங்கள் அம்மா மளிகைக் கணக்கு சொன்னால்கூடப் போதும், ஆனால் உண்மையாகவே கேளுங்கள்.